நிரையை விட்டு இறங்கக் கூடாது

மூத்திரத்தைப் போத்தலில் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் நடுப்பாதையில் நடக்கிற காலம் வந்துவிட்டது. அழகையா கங்காணிக்கு இதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. முன்பெல்லாம் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்பது வயிறு தள்ளிய பிறகுதான் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவுக்கே தெரியும். இப்போது யாருக்கு எத்தனை மாதம், யாருக்கு எரிகிறது, யாருக்குக் கடுக்கிறது என்று லயம் முழுக்க அதே பேச்சு. டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு திரிகிற பயல்கள் ஒரு பக்கம், போத்தலைத் தூக்கிக்கொண்டு திரிகிற பொம்பிளைகள் ஒரு பக்கம். வெட்கம் என்ற ஒன்றை எல்கடுவ சந்தியில் வைத்து யாரோ மொத்தமாக விற்றுத் தின்றுவிட்டார்கள் போலிருக்கிறது.

வேறு வீட்டுப் பெண் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பார். வந்தது அவருடைய மருமகள் காத்தாயி.

"என்ன புள்ள அது?"

"ஒன்னுமில்ல மாமா."

"ஒன்னுமில்லாததுக்கா முந்தானையப் போட்டு மூடிக்கிட்டுப் போற?"

காத்தாயி தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் நின்றுவிட்டாள். ஒளிக்கத் தெரியாத பெண். "மருத்துவச்சி நோனா கேட்டாங்க மாமா. நாலு மாசம் தாண்டுனவங்க எல்லாரும் கொண்டாரணுமாம். காய்ச்சிப் பாப்பாங்களாம்."

"காய்ச்சி? ரசம் வைக்கப் போறாளா?"

"கலங்கினா உள்ளுக்குக் கிருமி இருக்குன்னு அர்த்தமாம். அப்புறம் குளிசை தருவாங்களாம். சடையனுக்கு வந்த மாதிரி இதுக்கும் வந்துறக் கூடாதுன்னுதான்..."

சடையன் பெயரை எடுத்ததும் கங்காணிக்குச் சுர்ரென்றது. அவள் கையிலிருந்து போத்தலைப் பிடுங்கினார், வடிகால் கானில் ஊற்றினார், பீலியில் கழுவி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "மண்ணெண்ண வாங்க ஆகும், கொண்டு போ. எம் மருமக மூத்திரத்த டிஸ்பென்சரியில வச்சு எவளும் காய்ச்ச வேணாம்."

காத்தாயி வெறும் போத்தலோடு திரும்பினாள். அவள் எப்போதுமே ஒன்றும் சொல்கிறவள் இல்லை. அதனால்தான் அவளை மகனுக்குப் பிடித்துக் கட்டிவைத்தார்.

சடையன் அவருடைய பேரன். செத்துப்போன தன் அப்பனின் பெயரை அவரே வைத்தார். அவர் அப்பன் கங்காணி, அவரும் கங்காணி, இவனும் தடியைப் பிடித்துக்கொண்டு மலையில் நிற்பான் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்று வயது முடிந்துவிட்டது, பையனால் உட்கார முடியவில்லை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். விரித்துவிட்டால் கம்பி மாதிரி திரும்பவும் போய் அங்கேயே நிற்கும். கைவிரல்கள் மூடியே கிடக்கும். சோற்றைக் கரைத்து ஊட்டினால் பாதி வெளியே வழியும், மீதி புரையேறும். ஆனால் ஆள் தெரியும். தாத்தாவின் இருமல் சத்தம் லயத்து முனையில் கேட்டாலே உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டு சிரிப்பான்.

அவனை உட்காரவைக்க ஒரு தேயிலைப் பெட்டியைக் கங்காணிதான் வெட்டிக் கொடுத்தார். தேயிலை ஆலையான ஸ்டோரில் கேட்டு வாங்கி, முன்பக்கத்தைப் பாதியாக அறுத்து, ஈயத்தாளை உரித்து, ஆணி முனைகளைத் தட்டி மடக்கி, உள்ளே பழைய கம்பளித் துண்டை வைத்துத் தைத்தார். அதில் அவனைச் செருகினால் தலை மட்டும் ஒரு பக்கம் சாயும், மற்றபடி உட்கார்ந்திருப்பான். பிள்ளைக்காம்பராவில் மற்றப் பிள்ளைகள் ஓடியாட, அவன் பெட்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. அதற்குள் எட்டிப் பார்க்கிற யாரும் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

அழகையாவின் ஆட்களைத் தோட்டத்தில் எல்லோரும் மெச்சுவார்கள். முப்பது பெண்கள் வரிசையாக மலையில் ஏறினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைச் செடி. காலையில் நிரையில் கால் வைத்தால் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் இறங்கக் கூடாது. இதுதான் அவர் சட்டம். ஒரு காலத்தில் எவளோ ஒதுங்கப் போன நேரத்தில் துரை குதிரையில் வந்துவிட்டார், ஆள் இல்லாத நிரையைப் பார்த்தார், மொத்த ஆட்களுக்கும் அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்தது. அரை நாள் சம்பளம் போயிற்று. அப்போது அழகையாவின் அப்பன் போட்ட சட்டம் அது. துரை போய், குதிரை போய், நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் சட்டம் மட்டும் போகவில்லை.

ஒதுங்கத்தான் மலையில் இடம் எங்கே இருக்கிறது? மேலே பார்த்தால் ரோடு, கீழே பார்த்தால் கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகள், நடுவில் இடுப்பளவுத் தேயிலையும் அட்டையும். அதனால் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காலையில் ஒரு மிடறு பாலில்லாத சாயத்தண்ணி, அத்தோடு சரி. நாக்கு வறண்டாலும் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் வாயில் படாது. கல்யாணமாகி வருகிற பெண்ணுக்குக் கொழுந்து எடுக்கச் சொல்லிக் கொடுக்கும்போதே மாமியார்மார் இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கங்காணிக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அடக்கமான பொம்பிளைகள் என்று நினைத்தார்.

சடையன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் காத்தாயிக்கு நீர்க்கடுப்பு வந்தது. பிறகு இடுப்பு வலி, பிறகு குளிர் காய்ச்சல். பல் கிட்டுகிற குளிர். கங்காணி வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார், மாரியம்மன் கோயில் பூசாரியிடம் நூல் மந்திரித்து வாங்கி வந்தார். சூடுதான், இறங்கிவிடும் என்றார். சூடு இறங்கவில்லை, பிள்ளை இறங்கிவிட்டது. கொழுந்து லொறியில் தூக்கிப்போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது அவளுக்கு. பிள்ளை உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, தோலெல்லாம் சிவந்து, எலிக்குஞ்சு போலக் கிடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டது. கங்காணி லயம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார்.

உட்காருகிற வயது வந்தும் உட்காராதபோதுதான் டவுன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனார்கள். யாழ்ப்பாணத்து ஆள், சின்ன வயது, மெதுவாகப் பேசுகிறவர். பையனின் காலை மடக்கினார், விரித்தார், தலையை நூலால் அளந்தார். பிறகு கேட்டார்:

"பிள்ளை வயித்தில இருக்கேக்க தாய்க்குக் காய்ச்சல் வந்ததோ?"

"வந்துச்சுங்க. சூட்டுக் காய்ச்சல்" என்றார் கங்காணி.

"சூடில்லை, பெரியவர். சலத்தில, மூத்திரத்தில கிருமி. அது காய்ச்சலாகினபடியால்தான் பிள்ளை வெள்ளனப் பிறந்திருக்கு. குறைமாதப் பிள்ளையின்ர மூளை ஈர மண் மாதிரி, லேசில பழுதுபட்டிடும். தாயின்ர கிருமியும் அதுக்கொரு காரணமா இருக்கலாம்."

"இருக்கலாம்னா? அதுதானா, இல்லையா?"

"அறுதியாச் சொல்லேலாது. இருக்கலாம்."

"அப்ப ஒங்களுக்கும் தெரியாது."

டாக்டர் கோபப்படவில்லை. "அடுத்த பிள்ளை உண்டானால் கவனமா இருங்கோ. நிறையத் தண்ணி குடிக்கவேணும். அடக்கி வச்சிருக்கக் கூடாது. சலத்தைச் சோதிக்கவேணும்" என்று காத்தாயியைப் பார்த்துச் சொன்னார். காத்தாயி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் கங்காணி அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டு வந்தார். இருக்கலாமாம். இத்தனை வருஷம் படித்துவிட்டு வந்து இருக்கலாம் என்று சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? அதைச் சாராயக்கடை வாங்குப் பலகையில் குந்தியிருக்கிறவனும் சொல்வான். அவரைக் கேட்டால் காரணம் தெளிவாகத் தெரியும். அந்தக் கண்ணாடிப் பெட்டி. வெளிச்சத்தைப் போட்டு, ஊனோடு உயிரோடு அவித்து எடுத்துவிட்டார்கள். பச்சைப் பிள்ளையின் மூளை அந்தச் சூட்டை எப்படித் தாங்கும்? அதைச் சொன்னால் அவர்கள் பிழைப்புப் போய்விடும். அதனால் பழியைத் தாயின் மூத்திரத்தில் போடுகிறார்கள்.

போத்தலைக் கழுவிக் கொடுத்தது பங்குனியில். சித்திரை மழை பிடித்துக்கொண்டபோது காத்தாயிக்கு ஆறாம் மாதம் நடந்தது. அன்றைக்கு மேல்மலையில் கொழுந்து. படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, நனைந்து, பெண்கள் ஏறினார்கள். காத்தாயி இரண்டு முறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மூன்றாம் முறை வாயைத் திறந்தாள்.

"மாமா, கொஞ்சம் கீழ எறங்கிட்டு வந்துறேன்."

கங்காணிக்கு அவள் முகம் கண்ணில் படாமல் இல்லை. போ என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பக்கத்து நிரையில் இருந்த வேலம்மா முந்திக்கொண்டாள். செத்துப்போன அவர் மனைவியின் தங்கை அவள். அவரைப் பேச அவளுக்கு மட்டும் உரிமை உண்டு, அந்த உரிமையை அவள் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"விடு மச்சான், புள்ளத்தாச்சி. நீ மட்டும் காலையிலருந்து எத்தன தடவ அந்தச் சவுக்கு மரத்துக்குத் தண்ணி ஊத்திட்ட! மலையிலயே அதுதான் செழிப்பா வளந்துருக்கு."

முப்பது பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். மலையே சிரித்தது போலிருந்தது. கங்காணி தடியை ஒரு தேயிலைச் செடியின் தலையில் ஓங்கி அடித்தார்.

"ஆம்பளையும் பொம்பளையும் ஒன்னாடி? ஒருத்தி எறங்கினா எல்லாரும் எறங்குவீங்க. நிறுவைக்கு இன்னும் செத்த நேரந்தான் இருக்கு. பொறுக்கச் சொல்லு."

காத்தாயி நிரைக்குள் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் நிமிரவில்லை. கொழுந்தைக் கூடைக்குள் போடும்போது அவள் கை நடுங்குவதையும், பாதி இலை வெளியே சிந்துவதையும் கங்காணி பார்த்தார். மழைக் குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் அடுப்படியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். உடம்பு அடுப்பை விட அதிகமாகக் கொதித்தது. பக்கத்தில் சடையன் பெட்டிக்குள் இருந்து அவளைப் பார்த்து அனத்திக்கொண்டிருந்தான். ஸ்டோர் வேலை முடிந்து வந்த மகன் சிவலிங்கம் பெண்டாட்டியின் நெற்றியில் கையை வைத்தான், எடுத்தான், ஓடிப்போய் நோனாவைக் கூட்டி வந்தான்.

நோனாவுக்குப் பெயர் வேறு ஏதோ. சிங்களத்தி. தோட்டத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அவள் கையில்தான் விழுந்திருக்கின்றன. இடுப்பின் பின்பக்கத்தை லேசாகத் தட்டினாள், காத்தாயி அலறிவிட்டாள்.

"போத்தல் ஏன் கொண்டு வரல்ல, காத்தாயி? நான் எவ்வளவு சொன்னது?"

காத்தாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாடத்தில் அதே போத்தல் பாதி மண்ணெண்ணெயோடு நின்றது.

"நாந்தான் ஊத்துனேன்" என்றார் கங்காணி. "இப்ப என்னாங்கிற?"

நோனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ கங்காணி. அன்னைக்கே பாத்திருந்தா குளிசையோட போயிருக்கும். இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும். இப்பவே. வலி வந்துட்டா என்னால ஒன்னும் செய்ய ஏலாது."

"அங்க கொண்டு போனா என்னா நடக்கும்னு எனக்குத் தெரியும்." கங்காணி காம்பரா வாசலில் போய் நிலையில் கையை ஊன்றி நின்றார். "அந்தக் கண்ணாடிப் பொட்டியில போட்டு இதையும் அவிச்சுக் குடுப்பானுங்க. வெந்தயத்தக் குடுத்து, பத்து நாளைக்குப் படுக்கப் போட்டா எறங்கிரும். எங்கம்மாளுக்கு எறங்கல?"

சிவலிங்கம் அப்பனை எதிர்த்து ஒரு சொல் பேசினதில்லை. அப்பன் இருக்கிற இடத்தில் பீடி குடிக்க மாட்டான், உட்காரவும் மாட்டான். காத்தாயியைக் கம்பளியோடு சுருட்டித் தூக்கினான். வாசலுக்கு வந்தான்.

"கைய எடுங்கப்பா."

"டேய், சொல்றதக் கேளு..."

"இன்னொரு தேயிலைப் பொட்டி வெட்டலாம்னு இருக்கீங்களா?"

கங்காணியின் கை தானாக இறங்கிவிட்டது. அவர் அதைக் கீழே இறக்கவில்லை, அதுவே இறங்கியது. சிவலிங்கம் அவரைத் தாண்டிப் போனான். நோனா குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கொழுந்து லொறி கீழ் ரோட்டில் உறுமுகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து போகிற வரைக்கும் கங்காணி வாசலிலேயே நின்றார். பெட்டிக்குள் சடையன் அழுதுகொண்டிருந்தான். அவனைத் தூக்கி, காலை விரித்து இடுப்பில் வைக்கப் பார்த்தார். கால் விரியவில்லை. குறுக்காகவே மடியில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது. வலி வந்து வந்து நின்றது. எழுந்து நடக்க விடாமல் படுக்கையிலேயே போட்டு, எட்டாம் மாதம் வரைக்கும் இழுத்துப் பிடித்துவிட்டார்கள். அதற்கு மேல் நிற்கவில்லை. பெண்பிள்ளை. சடையனைவிடக் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தது. இருந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள்.

கூட்டி வரப் போன அன்றைக்கு அதே டாக்டர் இருந்தார். கங்காணி நேராகவே கேட்டார்: "இது ஒக்காருமா?"

"இப்ப சொல்லேலாது, பெரியவர். எழும்பி இருக்கிற வயதில இருக்குதோ, நடக்கிற வயதில நடக்குதோ எண்டு பாத்துத்தான் தெரியும். இந்த முறை ஒண்டரை மாதம் கூட வயித்துக்குள்ள வச்சிருந்தது நல்லது. ஆனால் காய்ச்சல் கடுமையா வந்திட்டுது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால்..."

முடிக்காமல் விட்டுவிட்டார். கங்காணியும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

காத்தாயி பிள்ளைக்குப் பெயர் வைக்கவே விடவில்லை. உட்காரட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். எல்லோரும் அதைச் 'சின்னது' என்றே கூப்பிட்டார்கள். பால் கொடுக்கும்போதெல்லாம் அவள் கண் பிள்ளையின் முகத்தில் இருக்காது, கால்களில்தான் இருக்கும்.

மார்கழிக் குளிரில் அவள் திரும்ப வேலைக்கு வந்தாள். சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் சடையனுடைய பெட்டிக்குப் பக்கத்தில் சேலைத் தொட்டிலாய்க் கட்டிய ஏணையில் போட்டுவிட்டு மலைக்கு ஏறினாள். வரும்போது ஒரு போத்தல் நிறையத் தண்ணீர் கொண்டு வந்தாள். அதை நிரையிலேயே நின்று, எல்லோரும் பார்க்க, அண்ணாந்து குடித்தாள். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்.

வெயில் கொஞ்சம் ஏறியதும் அவள் கூடையைத் தலைக்கயிற்றோடு இறக்கிச் செடிமேல் வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. நிரையை விட்டு இறங்கி, கானைத் தாண்டி, கீழே கல்லுமறைவுப் பக்கம் நடந்தாள்.

"ஏய்! எங்க போற?"

அவள் திரும்பவில்லை.

"போயிட்டு வா புள்ள, ஒன் நெரைய நாம் பாத்துக்கிறேன்" என்றாள் வேலம்மா. சொல்லிவிட்டு இரண்டு நிரையிலும் கையைப் போட்டு எடுக்கத் தொடங்கினாள். காத்தாயி திரும்பி வந்ததும் அடுத்த நிரையில் ஒருத்தி கூடையை இறக்கினாள். அவள் நிரையைப் பக்கத்தில் இருந்தவள் பார்த்துக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி. முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள் என்பது கங்காணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நெரைய விட்டு எறங்குறவளுக்கெல்லாம் இன்னைக்கு அரைப்பேருதான்! கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லி வெட்டுவேன்!"

 இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை. வேலம்மாவாவது எதையாவது குத்திப் பேசுவாள் என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. இலை ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது. நிரைகளில் ஒன்றுகூடப் பின்தங்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மலையை விட்டு இறங்கினார். போங்கள், எல்லோரும் போங்கள். தண்ணியைக் குடித்துவிட்டு நாள் முழுக்க ஒதுங்கிக்கொண்டே இருங்கள். அவர் அம்மாள் ஒன்பது பெற்றாள், எந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு எவளிடம் போனாள்? அதில் தங்கினது நாலு என்பது வேறு கதை. அதற்குக் கிருமி என்று எவனும் அப்போது பெயர் வைக்கவில்லை.

கால் அவரைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோய் விட்டது. சின்னது வந்த நாளிலிருந்து தினமும் ஒரு முறை அப்படித்தான் கொண்டுபோய் விடுகிறது. அவர் இருமலைக் கேட்டதும் பெட்டிக்குள் சடையன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு சிரித்தான். கடைவாயில் ஒழுகினதைத் துண்டால் துடைத்துவிட்டார். ஆயா அந்தப் பக்கம் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, ஏணைக்குள் கையை விட்டார். சின்னதின் பாதங்கள் இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்தார். மெதுவாக விரித்தார்.

வலது கால் இலேசாக வந்தது. இடது கால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. நேற்று அப்படிப் பிடித்ததா? நினைவில்லை. இன்னொரு தடவை விரித்துப் பார்த்தார். பிடிக்கத்தான் செய்தது.

"என்னா கங்காணியாரே பாக்குறீங்க?" என்றாள் ஆயா.

"ஒன்னுமில்ல. கால் சில்லுன்னு கெடக்கு. துணியப் போட்டு மூடக் கூடாதா?"

அவரே சேலைத் துணியை இழுத்து மூடினார். குளிருக்கு அப்படி இருக்கலாம். மார்கழியில் பெரிய ஆளுக்கே கால் மடங்குவதில்லை, இது பச்சைப் பிள்ளை. பின்னால் சடையன் அவர் போவது தெரிந்து கத்தத் தொடங்கினான். கங்காணி திரும்பவில்லை. குளிர்தான், வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஸ்டோர் ரோட்டில் இறங்கி நடந்தார்.